ஆங்கில வாத்தியார் ஆகப்போகும் பிள்ளைகளுக்கு

பி.ஏ. ஆங்கிலமோ எம்.ஏ. ஆங்கிலமோ முடித்து, பி.எட். சேர்ந்து, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பகுதிப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஆண்டுகளில் உங்களைப் போன்ற பயிற்சி மாணவர்கள் பலர் என் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் அவ்வப்போது சொன்னவை இவை. எண் போட்டிருப்பது திரும்பப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

1. முதல் வாரம் பாடம் நடத்தாதீர்கள். கேளுங்கள்.

முன்பு பி.எட். ஓராண்டுப் படிப்பு. பள்ளியில் சில வாரங்கள் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். 2015-16 முதல் அது ஈராண்டாகிவிட்டது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி நீங்கள் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. இவ்வளவு நாள் ஒரு வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகு உங்களுக்கு ஒருபோதும் கிடைக்காது. ஆனால் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த வாரங்களை ரெக்கார்டு நோட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். லெசன் பிளானுக்குக் கோடு போடுவது, சார்ட்டுக்கு வண்ணம் தீட்டுவது, கையெழுத்துக்காக வழிகாட்டி ஆசிரியர் பின்னால் அலைவது என்று நாள் ஓடிவிடுகிறது. ரெக்கார்டு வேண்டும்தான், மதிப்பெண் இருக்கிறது. அதை வீட்டில் எழுதுங்கள்.

பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு ஒரு 40 பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வகுப்பில் எந்தப் பிள்ளை எப்போது வாயைத் திறந்து ஆங்கிலத்தில் என்ன சொன்னது என்பதை மட்டும் அதில் எழுதுங்கள். ஆசிரியர் சொன்னதை எழுத வேண்டாம். வாரக் கடைசியில் புரட்டிப் பாருங்கள். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அந்த ஐந்தாறு பேரும் சொன்னவை பெரும்பாலும் ஒற்றைச் சொல் விடைகளாக இருக்கும். பெயரே வராத பிள்ளைகளின் பட்டியலை அதன் எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அவர்களைப் பேசவைப்பது பற்றித்தான்.

2. மைக்ரோ டீச்சிங்கை அதன் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் உருவான முறை அது. நம் நாட்டில் அதை 36 நிமிடச் சுழற்சியாக வகுத்திருக்கிறார்கள்: ஆறு நிமிடம் நடத்துவது, ஆறு நிமிடம் கருத்துக் கேட்பது, பன்னிரண்டு நிமிடம் திருத்தி அமைப்பது, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. கரும்பலகையில் எழுதப் பழகவும், கேள்வி கேட்கப் பழகவும், குரலைச் சீர்செய்யவும் மிக நல்லது. ஆனால் அங்கே மாணவராக நடிப்பவர் உங்கள் தோழி. அவளுக்கு விடை தெரியும். நிஜமான ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் கேள்வி கேட்டதும் வரும் மௌனம் அந்த அறையில் வராது. அந்த மௌனத்தில் பத்து எண்ணும்வரை காத்திருக்கப் பழகுங்கள். காத்திருக்காமல் விடையை நீங்களே சொல்லிவிட்டால், சும்மா இருந்தால் போதும், மிஸ்ஸே சொல்லிவிடுவார் என்று வகுப்பு இரண்டே நாளில் கற்றுக்கொள்ளும்.

3. பிள்ளையின் பிழைக்குள் தமிழ் இலக்கணம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஆங்கிலப் பட்டதாரிகள் பலர் பள்ளியோடு தமிழ் இலக்கணத்தை மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் கற்பிக்க அது கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘அவர் டாக்டர்’ என்பது தமிழில் முழு வாக்கியம். அதற்கு வினைச்சொல் தேவையில்லை. அதனால்தான் பிள்ளை ‘ஹி டாக்டர்’ என்று எழுதுகிறது. ‘வந்தான்’ என்பதில் வந்தவன் யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது; எழுவாயை விட்டுவிட்டாலும் குறையில்லை. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. ‘என்னிடம் சைக்கிள் இருக்கிறது’ என்றால் நமக்குச் சைக்கிள்தான் எழுவாய். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாகிச் சைக்கிள் செயப்படுபொருளாகிவிடுகிறது. நமக்கு வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். அவர்களுக்கு அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் நிற்கும். ‘நேற்று வந்த பையன்’ என்று பெயரெச்சத்தை முன்னால் வைத்துப் பழகிய பிள்ளைக்கு, பையனை முதலில் சொல்லிவிட்டு அவன் வந்ததைப் பிறகு சொல்வது தலைகீழாக நடப்பது போல இருக்கும். ‘ஏ’, ‘தி’ இரண்டும் எங்கே வரும் என்பதை ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் மொழியில் அப்படி ஒரு வகையே இல்லை. அதற்குப் பல ஆண்டு வாசிப்பு வேண்டும்.

ஒலியிலும் இப்படித்தான். நம் பகரம் ‘பல்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘தம்பி’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கும், எழுத்து ஒன்றே. அதனால் ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் ஆறாம் வகுப்பிலும் சில பிள்ளைகளுக்குக் குழம்பும். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்: தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் எழுதிவைத்திருக்கிறார், இந்தப் பிள்ளையின் நாக்கு அந்த விதிப்படி நடக்கிறது, ஆங்கிலத்துக்கு விதி வேறு, அதைப் பழகுவோம். இதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறையும் வாயைத் திறக்கும்.

4. பேச ஒரு காரணம் கொடுங்கள்.

‘ஸ்டாண்ட் அப், ஸ்பீக் இன் இங்கிலீஷ்’ என்று சொன்னால் யாரும் பேசமாட்டார்கள். எதைப் பேசுவது? என்.எஸ். பிரபு என்ற பெரிய ஆசிரியர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் சாதாரணப் பள்ளிகளில், இதற்கு வழிகாட்டும் ஒரு சோதனை நடத்தினார். உலகம் அதைப் ‘பெங்களூர் புராஜெக்ட்’ என்று சொல்கிறது. இன்று எல்லா நாட்டு ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்திலும் வரும் ‘டாஸ்க்’ முறைக்கு அது ஒரு முன்னோடி. 1987-ல் வெளிவந்த அவருடைய ‘செகண்ட் லாங்குவேஜ் பெடகாகி’ சிறிய புத்தகம்தான். பி.எட். முடிப்பதற்குள் படித்துவிடுங்கள். இலக்கணத்தை நேரடியாக நடத்தாமல், யோசித்துத் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கைக் கொடுத்தார். பிள்ளையின் கவனம் கணக்கின் மேல் இருக்கும். மொழி அதனூடே உள்ளே போகும். வரைபடம், கால அட்டவணை, ரயில் நேரம் என்று அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருள்கள்.

இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று ஸ்டேஷன் வரிசையைத் தூக்கத்திலும் சொல்லும் பிள்ளைகள் இவர்கள். புறநகர் ரயில் அட்டவணையில் ஒரு பகுதியைக் கரும்பலகையில் எழுதுங்கள். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டி இரண்டு, சிலவற்றில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் ஒன்று. பட்டரவாக்கத்தில் வீடு உள்ள ஒரு பெண் திருநின்றவூரில் காலை பத்து மணிக்கு ஒரு நேர்காணலுக்குப் போக வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 15 நிமிட நடை. எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும், வீட்டைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், அதைத் தவறவிட்டால் என்ன செய்யலாம்? முதலில் இதே மாதிரி வேறொரு கணக்கை வகுப்பு முழுவதும் சேர்ந்து, நீங்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க அவர்கள் பதில் சொல்லச் செய்து முடியுங்கள். பிறகு இதைத் தனித்தனியே செய்யவிடுங்கள். விடை சரியா என்பதற்கு மட்டும் மதிப்பெண்.

‘திஸ் ட்ரெயின் நோ ஸ்டாப் மேடம்’ என்று ஒரு பையன் சொல்வான். அங்கே நிறுத்தி இலக்கணம் நடத்தாதீர்கள். ‘ரைட், திஸ் ட்ரெயின் டஸ்ன்ட் ஸ்டாப் தேர். ஸோ விச் ஒன்?’ என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். அவன் காதில் விழும். பத்தாவது முறை விழும்போது அவன் வாயிலிருந்தே வரும். பூந்தமல்லியில் புறநகர் ரயில் இல்லையே என்றால் பேருந்து நிலையம் இருக்கிறது; எந்த எண் எங்கே போகும் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்வி ஒன்று வரும். அதற்குத் தனியாக நடத்த வேண்டிய தேவையே இருக்காது.

5. செய்யுளை ஊருக்குள் கொண்டுவாருங்கள்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கிப்ளிங்கின் ‘தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்’ இருக்கிறது. இயந்திரங்கள் தாமே பேசுவதாக அமைந்த கவிதை. 1911-ல், ஃப்ளெட்சர் என்ற வரலாற்றாசிரியரோடு சேர்ந்து கிப்ளிங் எழுதிய இங்கிலாந்து வரலாற்றுப் பள்ளிப் புத்தகத்தில் வெளிவந்தது. பயிற்சி மாணவர்கள் இதை நடத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், ரைம் ஸ்கீம் என்று ஒரு சார்ட் தொங்கும். வரிக்கு வரி தமிழில் அர்த்தம் வரும். மணி அடிக்கும்.

அந்த வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965-ல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்தப் பிள்ளைகளின் அப்பாவோ தாத்தாவோ டர்னர், ஃபிட்டர், வெல்டர், பிரஸ் ஆபரேட்டர். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருபவர். கவிதையைத் திறப்பதற்கு முந்தின நாள் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் யாராவது ஒருவரிடம், அவர் கையாளும் மிஷின் என்னென்ன செய்யும் என்று கேட்டு வர வேண்டும். மறுநாள் பலகை முழுக்க வினைச்சொற்கள் நிறையும். கடைதல், துளைத்தல், வெட்டுதல், அழுத்துதல், தைத்தல் என்று அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவரும் அந்த மிஷினாகவே மாறி, ‘ஐ’ என்று தொடங்கி நான்கு வரி எழுதட்டும். அதற்குப் பிறகு கிப்ளிங்கைப் படியுங்கள். இயந்திரங்கள் தம் திறமையை அடுக்கிக்கொண்டே போகும் இடத்தில் பிள்ளைகள் தங்கள் பட்டியலை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கவிதையின் பிற்பகுதியில் இயந்திரம் எச்சரிக்கிறது: எங்களுக்கு அன்பு கிடையாது, மன்னிப்பு கிடையாது, கையாளுவதில் தவறினால் உயிர் போகும் என்ற பொருளில். பவர் பிரஸ்ஸில் விரலை இழந்தவர்கள் வாழும் தெருக்கள் இந்தப் பகுதியில் உண்டு. அந்த வரிகளை அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளை உங்களைவிட ஆழமாகப் படிக்கும். அந்த இடத்தில் விளக்கவுரையைக் குறைத்துக்கொண்டு, யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை.

6. வகுப்பில் தமிழ் மட்டும்தான் தாய்மொழி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்காகப் பல மாநிலத்தவர் குடியேறி இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. தெலுங்கும் இந்தியும் வீட்டில் பேசும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். தொழிற்பேட்டைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் சேருகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடியா பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் நடத்தப் பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பில் நடுவில் வந்து சேரும் ஒரு ஒடியா பெண்பிள்ளைக்குத் தமிழும் புதிது, ஆங்கிலமும் புதிது. வரிக்கு வரி தமிழில் விளக்கினால் அவளுக்கு இரண்டு சுவர். படம், பொருள், செய்கை, எளிய ஆங்கிலம் ஆகிய நான்கும் இருந்தால் அவளும் மற்றவர்களோடு சமமாக உட்காரலாம். ஆங்கில வகுப்பு ஒன்றில்தான் அந்தச் சமம் அவளுக்குக் கிடைக்க வழி இருக்கிறது.

7. தமிழைத் துரத்தாதீர்கள், தமிழில் மூழ்கிவிடவும் வேண்டாம்.

தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் இன்னும் உண்டு. அங்கே வேலைக்குப் போனால் அந்த அபராதம் எழுதும் நோட்டை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். தன் மொழிக்காகத் தண்டம் கட்டிய பிள்ளைக்கு ஆங்கிலத்தின் மேல் பயம் வருமே தவிரப் பிரியம் வராது. அதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அல்போன்ஸ் தோதேவின் ‘தி லாஸ்ட் லெஸன்’ இருக்கிறது. பிரெஞ்சு-பிரஷ்யப் போருக்குப் பின் அல்சாஸ் பகுதியில் பிரெஞ்சு கற்பிக்கக் கூடாது என்று உத்தரவு வர, கிழட்டு வாத்தியார் ஒருவர் நடத்தும் கடைசிப் பாடம். இந்தி எதிர்ப்பைக் கண்ட நம் மண்ணில் இந்தக் கதையை நடத்தும் ஆசிரியருக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது! வீட்டில் எந்த மொழி, பாட்டியிடம் எந்த மொழி, அந்த மொழியில் எழுதத் தெரியுமா என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள். ஒரு முழு வகுப்பு இதற்கே போகட்டும்.

அதே சமயம், ஒரு கடினமான சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்வது பத்து விநாடி வேலை. பாடம் முழுவதையும் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்வி-பதிலைப் பலகையில் எழுதிப்போடுவது வேறு. அப்படி நடக்கும் நாளில் ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் பிள்ளையின் காதில் விழுவதே இல்லை. பலருக்கு வீட்டில் அது கேட்காது, தெருவில் கேட்காது. நாளுக்கு 40 நிமிடம் உங்கள் வாயிலிருந்து மட்டும்தான் கேட்கும்.

8. நீங்கள் படியுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கி வரும் பிள்ளைகளில் பலர் ஒரு நாவலைக்கூட முதலிலிருந்து கடைசிவரை படித்ததில்லை. தேர்வுக்கு நோட்ஸ் போதுமாக இருந்திருக்கிறது. குற்றம் முழுவதும் உங்களுடையது என்று சொல்லமாட்டேன். ஆனால் படிக்காதவர் வாசிக்கும்போது வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்பது அவருக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். எளியதில் தொடங்குங்கள். ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’, 1935-ல் வந்தது. அதன் வகுப்பறைகள் இன்றும் பழசாகவில்லை. ரஸ்கின் பாண்டின் சிறுகதைகள். பிறகு இரண்டு மொழியிலும் ஒரே புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்: பாமாவின் ‘கருக்கு’ தமிழிலும், லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும். குறுந்தொகையை நம் உரையாசிரியர்களோடும், 1967-ல் வந்த ஏ.கே. ராமானுஜனின் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ நூலோடும் படியுங்கள். ஒரு தமிழ் வாக்கியம் ஆங்கிலமாகும்போது எங்கே வளைகிறது, எங்கே உடைகிறது என்பது மேலே மூன்றாவதாகச் சொன்ன இலக்கணத்தைவிட நன்றாக அங்கே விளங்கும். புத்தகம் வாங்கக் காசில்லை என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. எழும்பூரில் கன்னிமாரா இருக்கிறது. பக்கத்திலேயே கிளை நூலகம் இருக்கும்.

பாடத்தை வகுப்பில் வாசிப்பதற்கு முந்தின இரவு வாய்விட்டு இருமுறை வாசித்துப் பழகுங்கள். உச்சரிப்பில் ஐயம் வந்தால் அகராதியைக் கேளுங்கள். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயல வேண்டாம். தெளிவாக, சொல்லுக்குச் சொல் ஒலி கெடாமல் பேசினால் போதும்.

9. ஐம்பது பேரை நீங்கள் ஒருவரே பேசவைக்க முடியாது. அவர்களை ஒருவரோடொருவர் பேசவிடுங்கள்.

இது வெளிநாட்டுப் புதுமை என்று நினைக்காதீர்கள். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுத்தது. 1789-ல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளையே ஆசிரியர்களாக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். பெல்லின் முறையில் மனப்பாடமும் கெடுபிடியும் அதிகம். அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் பிழையாகப் பேச யாரும் வெட்கப்படுவதில்லை என்ற உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராகப் பேசவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேரும் வாய் திறந்துவிடுவார்கள். சத்தம் வரும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று எழுந்து சொல்லுங்கள்.

10. நோட்டுத் திருத்தும்போது சிவப்பு மையைக் கொட்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு பிழை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் இறந்தகால வினை என்றால் அதை மட்டும் கோடிடுங்கள். திருத்தத்தைப் பிள்ளையே எழுதட்டும். மற்றப் பிழைகள் அடுத்த வாரங்களுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு நோட்டிலும் அந்தப் பிள்ளை எழுதிய விஷயத்தைப் பற்றி ஒரு வரி பதில் எழுதுங்கள். ‘குட்’ என்பது பதில் ஆகாது.

11. ஒரு நாள் பூந்தமல்லிக்குப் போய்வாருங்கள்.

அங்கே பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறைபாட்டுத் துறையின் தேசிய நிறுவனத்துக்கு அங்கே மண்டல மையமும் உண்டு. கல்லூரி வழியாக அனுமதி பெற்று ஒரு மொழி வகுப்பைப் பாருங்கள். பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்ல வேண்டும், ‘இது’, ‘அது’ என்று கைகாட்டிப் பேசக் கூடாது, படத்தைச் சொற்களால் கட்டி எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கே தானாக விளங்கும். பிறகு உங்கள் பள்ளிக்கு வந்து நடத்தினால் பின் பெஞ்சில் இருப்பவருக்கும் பாடம் போய்ச் சேரும்.

12. பொதுத்தேர்வை இகழாதீர்கள்.

நல்ல பயிற்சி பெற்ற பிள்ளைகள் சிலருக்கு மதிப்பெண், கைடு, மெமரி போயம் என்றாலே இளக்காரம். ஆங்கிலத்தில் 35 எடுத்தால்தான் பத்தாவது தேறும். ஒரு வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தேறப்போகிற பெண்ணுக்கு அந்த 35 என்பது ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பிளஸ் ஒன் என்று அத்தனை கதவுக்கும் சாவி. 2019-20 முதல் இரண்டு தாள் ஒன்றாகிவிட்டது. நூறு மதிப்பெண் ஒரே நாளில். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம், கடிதம், பிழை திருத்தம் போன்றவை மனப்பாடம் இல்லாமல் எடுக்கக்கூடியவை. ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு முறை ஐந்து வாக்கியம் எழுதிப் பழகிய பிள்ளை அங்கே தடுமாறாது. ஆனால் பத்தாம் வகுப்பு ஜனவரியில் உங்களிடம் வந்து சேரும் மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இந்த நீண்ட வழி உதவாது. அவளோடு உட்கார்ந்து எந்தக் கேள்வியை எடுப்பது, எதை விடுவது என்று கணக்குப் போடுங்கள். அதுவும் ஆசிரியர் வேலைதான்.

13. தனியாக இருக்காதீர்கள்.

1856-ல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வழியில் வருகிறவர்கள் நீங்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கே எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பைப் படித்தவர். இந்த மாநிலத்தில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பெரிய பெரிய பயிற்சிகள் நடந்திருக்கின்றன. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று 1962-ல் டி.ஏ. ஸ்மித் எழுதிய கட்டுரை, 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க நடந்த முயற்சியைப் பற்றியது. ஒருவர் பலருக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகும் திட்டம். இந்த மாதிரித் திட்டங்களில் மேலே இருந்து கீழே வரவரச் சரக்கு கரைந்துபோகிறது என்பது நான் பார்த்த உண்மை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் நால்வர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, ஒரே பாடத்தைத் தாங்கள் எப்படி நடத்தினோம் என்று பேசினால் அது நிலைக்கிறது. பத்மஸ்ரீ எஸ். நடராஜன் தொடங்கிய இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், அதாவது எல்டாய், அம்பத்தூர் தொழிற்பேட்டை முகவரியிலிருந்து செயல்பட்டு வந்த அமைப்பு. இதழ் நடத்துகிறார்கள், மாநாடு நடத்துகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பகுதி ஆசிரியர்கள் பலருக்கு அது தெரியாமல் இருப்பது எனக்கு ஆதங்கம்.

14. வேலை, சம்பளம் பற்றி.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். அதில் 150-க்கு ஆங்கிலம் 30 மட்டுமே. சமூக அறிவியலோ, கணிதமும் அறிவியலுமோ 60-க்கு எழுத வேண்டும். இலக்கியம் படித்த உங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். இருந்தாலும் ஆறு முதல் பத்து வரையான சமூக அறிவியல் புத்தகங்களை இப்போதே வாசிக்கத் தொடங்குங்கள். அது மாலை நேர வேலை. பயிற்சிப் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் டெட் கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வகுப்பு திரும்பக் கிடைக்காது.

அரசு வேலை வரும்வரை தனியார் பள்ளிக்குப் போவீர்கள். சம்பளம் குறைவாக இருக்கும்; சில இடங்களில் சான்றிதழின் அசலைக் கேட்பார்கள். நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை பீரியட், எந்தெந்த வகுப்பு என்பதைச் சேரும் முன் எழுத்தில் கேளுங்கள். ஒன்பதும் பத்தும் மட்டும் கேட்காதீர்கள். ஆறாம் வகுப்பு ஒன்றையாவது உங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளோடு ஐந்து ஆண்டு கூடவே போக முடிந்தால் போங்கள்.